பந்தல் போட்டாயிற்று, கர்னல் வரவில்லை

வணக்கம். இன்று ஒரு தோல்வியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தோல்வி என்பது கொஞ்சம் கடுமையான சொல்தான். தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தைந்து வருடத் தாமதம். ஓர் இயங்குதளத்தின் மையம் கர்னல். ஹர்ட் என்ற கர்னலின் கதை இது.

1983 செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போன்ற ஒன்று, முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடியதாக. உரை எழுதித் திருத்தும் இமேக்ஸ் வந்தது. 1987-இல் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ஜிசிசி கம்பைலர், 1989-இல் நாம் தட்டும் கட்டளையை வாங்கி நடத்தும் பாஷ். பந்தல், பாத்திரம், மேளம் எல்லாம் தயார். மாப்பிள்ளையைத்தான் காணோம். வன்பொருளோடு நேராகப் பேசி, நினைவகத்தையும் நேரத்தையும் எல்லா நிரல்களுக்கும் பங்குபோட்டுக் கொடுக்கும் கர்னல் இல்லை.

ஏன் இல்லை? எழுதத் தெரியாமல் இல்லை. கம்பைலர் எழுதியவர்களுக்கு கர்னல் எழுத வராதா? வேறு யாரோ எழுதியதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்கள். முதலில் எம்.ஐ.டி.யில் பிறந்த டிரிக்ஸ். சரிப்படவில்லை. அப்புறம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக். அதன் உரிமச் சிக்கல் தீரட்டும் என்று காத்திருந்தார்கள். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். மென்பொருளில் அப்படி நான் பார்த்ததில்லை. ஹர்ட் என்ற பெயரில் வேலை தொடங்கும்போது 1990 ஆகிவிட்டது.

மாக் ஒரு மைக்ரோகர்னல். செய்தி கடத்துவது, நினைவகம் பார்ப்பது என்று அடிப்படை வேலைகளோடு நின்றுவிடும். வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை, நெட்வொர்க் எல்லாம் அதன் மேல் ஓடும் தனித்தனி சர்வர்கள், அதாவது சேவை தரும் நிரல்கள். இந்த சர்வர்களின் கூட்டம்தான் ஹர்ட். அழகான யோசனை, மறுக்க மாட்டேன். சாதாரணப் பயனரே தனக்கு வேண்டிய கோப்பு முறைமையை எழுதி மாட்டிக்கொள்ளலாம், நிர்வாகியிடம் போய் நிற்க வேண்டாம்.

இன்னொரு ஆசையும் இருந்தது. சர்வர்கள் சாதாரண நிரல்கள்தானே, வழக்கமான கருவியை வைத்தே பிழை பார்த்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். அங்கேதான் சறுக்கியது. ஒரே நேரத்தில் பல இழைகளாக, அதாவது பல வேலைகளாகப் பிரிந்து ஓடும் சர்வர்கள், ஒன்றின் பதிலுக்கு மற்றொன்று காத்திருக்காமல் செய்தி அனுப்புகின்றன. இன்று வரும் பிழை நாளை அதே இடத்தில் வராது. நிறுத்திப் பார்த்தால் மறைந்துவிடும், ஓடவிட்டால் திரும்ப வரும். பேய் பிடிக்கிற வேலை.

இதற்கிடையில் 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், சும்மா பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன், குனு மாதிரி பெரிதாக இருக்காது என்று எழுதினார். லினக்ஸ் என்ற அவருடைய கர்னல் எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிடித்தது. பண்டிதர்கள் பழைய பாணி என்றார்கள். இருக்கட்டுமே, அது வீட்டுக் கணினியில் ஓடியது! 1992-இல், மாற்றி வெளியிடுபவரும் அதே சுதந்திரத்தோடு தர வேண்டும் என்கிற குனுவின் ஜிபிஎல் உரிமத்துக்கே மாறியது. ஓடுகிற ஒன்று கையில் இருந்தால் அதை உடைத்துப் பார்க்க ஆள் வரும், உடைத்தவரே ஒட்டியும் தருவார். ஹர்ட் 1994-இல் கணினியைத் தொடங்கி வைக்கும் நிலைக்கு வந்தபோது, வரவேண்டிய கூட்டம் லினக்ஸ் பக்கம் போயிருந்தது.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் இருக்காது. கடைக்கு வரும் ஒவ்வொரு புது அட்டைக்கும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டுமே. ஹர்ட் நெடுங்காலம் பழைய லினக்ஸின் டிரைவர்களைக் கடன் வாங்கியே ஓடியது. அதன் கோப்பு சர்வரோ வட்டின் பிரிவு முழுவதையும் தன் முகவரி வெளிக்குள், அதாவது ஒரு நிரல் எட்டக்கூடிய நினைவக எல்லைக்குள், ஏற்றிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. 32 பிட் கணினியில் அதற்கு ஏறத்தாழ 2 ஜிபிதான் இடம். எழுதியபோது தாராளம், வட்டுகள் பெருத்த பிறகும் பல வருடம் அந்த வரம்பு நீங்கவில்லை.

வேலை நின்றுவிடவில்லை. ஒரு சிறு குழு இன்னும் செய்துகொண்டிருக்கிறது. டெபியன் என்ற மென்பொருள் தொகுப்பின் ஹர்ட் வடிவமான டெபியன் குனு ஹர்ட், 2025 ஆகஸ்டில் வந்த பதிப்பில், 64 பிட் கணினியிலும் ஓடுகிறது. டிரைவர்களை இப்போது நெட்பிஎஸ்டி என்ற வேறொரு கட்டற்ற இயங்குதளத்திடமிருந்து வாங்குகிறார்கள்.