கூட்டத்துக்குத் தெரியாத முகம்: லியாங்ச்சூவின் ஜேட் கற்கள்

[திரையில்: இருட்டில் மெல்லச் சுழலும் ஒரு ஜேட் கல். வெளியே சதுரம், நடுவே வட்டத் துளை.]

ஜேட் என்ற கடினமான மணிக்கல் இது. எடை சுமார் 6.5 கிலோ. உயரம் 9 சென்டிமீட்டர்கூட நிறையாது. சீனாவின் ஹாங்சோ நகருக்கு அருகில் உள்ள ஃபான்ஷான் மேட்டில், 1986ஆம் ஆண்டு, 12ஆம் எண் கல்லறையைத் தோண்டியபோது இறந்தவரின் தலைமாட்டில் கிடைத்தது. புதைத்தவர்கள் லியாங்ச்சூ பண்பாட்டு மக்கள். கி.மு. 3300 முதல் 2300 வரை 'தாய்ஹூ' என்ற ஏரியைச் சுற்றி நெல் விளைவித்து, கோட்டையும் அணைகளும் கட்டி வாழ்ந்தவர்கள். இந்த வடிவக் கல்லுக்குச் சீன மொழியில் 'சோங்' என்று பெயர். இதற்கு மட்டும் 'சோங்குகளின் அரசன்' என்ற பட்டமும் உண்டு.

[திரையில்: கல்லின் ஒரு பக்கம். கேமரா நெருங்கிக்கொண்டே போகிறது.]

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். இறகுகள் விரிந்த பெரிய தலையணி. அதன் கீழே பல் தெரியும் மனித முகம். இரு கைகளும் மடங்கி, கீழே இருக்கும் ஒரு விலங்கின் உருண்டைக் கண்களைத் தொடுகின்றன. விலங்குக்குக் கோரைப்பல், கால்களோ பறவையின் நகங்களைப் போல. இத்தனையும் 3 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே கல்லில் இதே உருவம் எட்டு முறை வருகிறது. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் நான்கைந்து கோடுகள் கீறப்பட்ட பகுதிகளும் உண்டு. அகழ்ந்தவர்களுக்கே முதலில் அந்தக் கைகள் தெரியவில்லை. மேகச் சுருள் என்றே நினைத்தார்கள். புகைப்படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் அவை விரல்கள் என்று புரிந்தது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பத்தடி தள்ளி நின்றவருக்கு இந்த முகம் தெரிந்திருக்காது. சடங்கைக் காண வந்த கூட்டத்துக்கு வெறும் வழவழப்பான கல்தான் தெரிந்திருக்கும். அப்படியானால் யார் பார்ப்பதற்காக இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினார்கள்?

[திரையில்: 'லிங்' என்ற சீன எழுத்தின் இரு வடிவங்கள், அருகருகே.]

இந்த எழுத்தைப் பாருங்கள். 'லிங்'. ஆவி, தெய்வ ஆற்றல் என்று பொருள். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதி இதற்குத் தரும் விளக்கம்: ஜேட் கொண்டு தெய்வத்துக்குப் பணி செய்யும் 'வூ'. எழுத்தின் கீழ்ப்பாதியில் 'ஜேட்' எழுதுவதும் உண்டு, 'வூ' எழுதுவதும் உண்டு. கல்லும் ஆளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும் அளவுக்கு நெருக்கம்.

'வூ' என்பவர் தெய்வம் தம்மீது இறங்க இடம் கொடுப்பவர். இன்றைய ஆய்வாளர்கள் பலர் 'ஷாமன்' என்கிறார்கள். அந்தச் சொல் சைபீரியாவின் துங்கூசிய மொழிகளிலிருந்து வந்தது. சீனத்துக்கு அது பொருந்துமா என்ற வாதம் ஓயவில்லை. நான் 'வூ' என்றே சொல்கிறேன். 'குவோயூ' என்ற பழைய நூல், இந்த ஆற்றல் பெற்ற பெண்ணை 'வூ' என்றும் ஆணை 'ஷி' என்றும் அழைக்கிறது. அதே நூலில் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஒருவர் தெய்வத்தோடு பேசத் தொடங்க, எல்லாம் குழம்பிப்போயிற்று. ஜுவான்ஷூ என்ற அரசர் இருவரை நியமித்து, வானத்தை ஒருவரிடமும் மண்ணை மற்றவரிடமும் ஒப்படைத்து, இரண்டுக்கும் நடுவே இருந்த வழியை அடைத்துவிட்டார்.

தொல்லியலாளர் ஜாங் குவாங்ஜி இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சோங்கைப் படித்தார். சதுரம் மண், வட்டம் வானம், நடுத்துளை இரண்டையும் இணைக்கும் தூண், விலங்கு துணைக்கு வரும் வாகனம் என்றார். அழகான விளக்கம். ஆனால் அவர் துணைக்கு அழைத்த நூல்களுக்கும் லியாங்ச்சூவுக்கும் இடையே ஏறத்தாழ 2000 ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஆகவே அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். கல்லறைகள் தரும் சாட்சியை நம்புகிறேன். ஜியாங்சூ மாநிலத்தின் சிதுன் என்ற இடத்தில், இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞரின் கல்லறையில் மட்டும் 33 சோங்குகளும், 'பி' எனப்படும் வட்டக் கற்கள் 24ம் இருந்தன. சாமானியர்களின் குழிகளில் மண்பானைகள்தான். தெய்வத்தை நெருங்கும் வழி சிலர் கையில் சிக்கியிருந்தது என்பதற்கு இது போதும்.

[திரையில்: ஈர மணல், கயிறு, மூங்கில் குழாய்.]

இனி வேலைக்கு வருவோம். சாதாரண எஃகுக் கத்திகூட ஜேட்டில் கீறல் போடத் திணறும். லியாங்ச்சூ மக்களிடம் உலோகமே கிடையாது. ஜேட்டைவிடக் கடினமான குவார்ட்ஸ் மணலை நீரில் நனைத்து, கயிற்றை அதன்மேல் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கல்லை அறுத்தார்கள். அறுத்தது மணல், கயிறு அதை ஏந்திச் சென்றது, அவ்வளவே. துளையிட, உள்ளீடற்ற குழாயை மணலோடு சுழற்றினார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்தித்தார்கள். கொஞ்சம் விலகிப்போனால் உள்சுவரில் ஒரு படி விழும். பல சோங்குகளின் உள்ளே விரல் விட்டால் அந்தப் படி இன்றும் தட்டுப்படும்.

நாள்கணக்கில், மாதக்கணக்கில் குனிந்திருந்து அந்த முகத்தைச் செதுக்கியவர் அதை மிக அருகில் பார்த்திருக்கிறார். கையில் ஏந்தியவரும் பார்த்திருக்கிறார். மூன்றாவதாகப் பார்க்கக்கூடியது தெய்வம் ஒன்றுதான். அந்த மூவருக்காகத்தான் அத்தனை கோடுகளும் என்பது என் கணிப்பு.

[திரையில்: அடுக்கடுக்கான, உயரமான சோங்.]

பிற்காலத்தில் சோங்குகள் உயர்ந்துகொண்டே போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது ஏறத்தாழ அரை மீட்டர், 19 அடுக்கு. முகமோ தேய்ந்து இரண்டு சிறு வட்டமும் ஒரு பட்டையுமாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லோங் இவற்றைப் பழைய தேர்த்தண்டின் பூண் என்று எண்ணினார். அவர் கவிதை தலைகீழாகப் பொறிக்கப்பட்ட சோங்கும் உண்டு.

[திரையில்: சீனாவின் வரைபடம். கிழக்குக் கரையிலிருந்து மேற்கே ஒரு கோடு நகர்கிறது.]

2001இல் செங்டு நகரின் ஜின்ஷாவில், லியாங்ச்சூ மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் உருவான ஒரு தலத்தில், பத்து அடுக்குள்ள லியாங்ச்சூ பாணிச் சோங் ஒன்று மண்ணிலிருந்து எழுந்தது. உயரம் 22 சென்டிமீட்டர். மேல் பகுதியில், தேடினால் மட்டுமே தெரியும் அளவில் ஒரு மனிதக் கீறல்: தலையில் அணி, இரு பக்கமும் விரிந்த கைகள்.