நூறு முடறு

வணக்கம் நேயர்களே. என்னை அழைச்ச நிலையத்தாருக்கு நன்றி. உடம்பு எடையைக் குறைக்கிறதுக்காக இரைப்பையில சத்திரசிகிச்சை செய்துபோட்டு வீட்டுக்கு வந்த ஆள் என்ன செய்யவேணும், வீட்டுக்காரர் என்ன செய்யக்கூடாது, இதுதான் இண்டைக்குப் பேச்சு. கொழும்பில செய்திருப்பியள், சென்னையில செய்திருப்பியள். லண்டனில செய்துபோட்டு வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து நிக்கிற மச்சாளும் கேட்டுக்கொண்டிருக்கலாம். எங்க செய்தாலும் டொக்டர் ஒரு தாள் தந்திருப்பார். அந்தத் தாளில மாங்குளத்து வெயிலும் இல்லை, எங்கட புட்டும் இல்லை. அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதல்ல, உள்ளுக்க என்ன நடந்திருக்குது? பெரும்பாலும் ரெண்டில ஒண்டு. ‘ஸ்லீவ்’ எண்டால் இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீட்டுக் குழாயா விட்டிருக்கினம். அதுக்குள்ள 100 இலிருந்து 150 மில்லி கொள்ளும். ‘பைபாஸ்’ எண்டால் மேல் நுனியில 30 மில்லி அளவில சின்னப் பையொண்டு. ரெண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். சிறுகுடலைக் கொண்டுவந்து அதில பொருத்தியிருக்கும். குடலின்ர முதல் துண்டு சாப்பாட்டைக் காணாது.

இந்தப் பைபாஸ் மெலியவைக்கிறதுக்கெண்டு ஆரும் இருந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சதில்லை. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையில பெரும்பங்கை வெட்டின பொம்பிளையள் பிறகு உடம்பு வைக்கேலாமல் இருக்கிறதைக் கண்டுதான், 1966 இல அமெரிக்காவின்ர அயோவாவில எட்வேட் மேசன் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் பைபாஸைத் தொடங்கினவர். அங்க கரைச்சலா இருந்தது இங்க வைத்தியமாப் போச்சு. ஆனா அந்தக் கரைச்சல் இன்னும் உள்ளுக்க இருக்குது. சத்துக் குறையிறது, தலைசுத்துறது, சத்தியெடுக்கிறது எல்லாம் அதின்ர பிள்ளையள்.

சரி, தண்ணிக்கு வாறன். நான் சொல்லவந்ததில பெரிய விசயம் இதுதான், அதால கொஞ்சம் நீட்டத்தான் போறன்.

ஒரு நாளைக்குக் குறைஞ்சது 1500 மில்லி உள்ள போகவேணும். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில இன்னும் கூட. முந்தி நீங்கள் கிணத்தடியில செம்பைத் தூக்கி அண்ணாந்து ஒரே இழுவையில குடிச்ச ஆள். இனி அது ஏலாது. செம்புத் தண்ணியை ஒரேயடியா விட்டால் நெஞ்சு அடைக்கும், குத்தும், திரும்பி வரும். ஒரு முடறு எண்டால் ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி. 1500 ஐ 15 ஆல பிரியுங்கோ. நூறு. ஒரு நாளைக்கு நூறு முடறு. முழிச்சிருக்கிற நேரம் 14 மணித்தியாலம், அது 840 நிமிசம். எட்டு நிமிசத்துக்கு ஒரு முடறு.

நில்லுங்கோ, கணக்கு இன்னும் முடியேல்லை. சாப்பிடேக்க குடிக்கேலாது, சாப்பிட்டு அரை மணித்தியாலம் வரைக்கும் குடிக்கேலாது. இருக்கிற சின்ன இடத்தைத் தண்ணி பிடிச்சுப்போடும். இல்லாட்டி சாப்பாட்டைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கும், பிறகு கெதியாப் பசிக்கும். நாலு சாப்பாட்டுக்கு ஒவ்வொரு மணித்தியாலம் கழிச்சால் மிச்சம் 600 நிமிசம். அப்ப ஆறு நிமிசத்துக்கு ஒரு முடறு. மறந்துபோனால் பின்னேரம் சேர்த்துக் குடிச்சுச் சரிக்கட்டலாம் எண்டு நினைக்காதேங்கோ. இந்த வயிறு கடன் வைச்சுக் கட்ட விடாது.

அரை லீற்றர் போத்தல் மூண்டு எடுங்கோ. காலமை பதினொரு மணிக்கு முதல் ஒண்டு, பின்னேரம் நாலு மணிக்கு முதல் மற்றது, படுக்க முதல் மூண்டாவது. தோட்டத்துக்குப் போனாலும் வங்கியில வரிசையில நிண்டாலும் போத்தல் கையில இருக்கட்டும். உங்கட சலத்தைப் பாருங்கோ: வைக்கோல் நிறத்தை விட வெளிறலா இருந்தால் நல்லது. பிளேன்ரீ நிறத்தில போகுது, ஆறேழு மணித்தியாலமாப் போகவே இல்லை, எழும்பினால் தலை சுத்துது எண்டால் உடம்பு வத்திப்போச்சு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில ஆக்கள் திரும்பவும் வாட்டுக்குப் போறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். வவுனியாப் பக்கத்தில சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே கனபேரைப் பிடிச்சிருக்குது. உங்களுக்கும் இரத்தத்தில கிறியற்றினின், அதுதான் சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற அளவு, கூட இருந்தால் தண்ணிக் கணக்கையும் புரதக் கணக்கையும் உங்கட டொக்டரே போடட்டும், என்ர கணக்கைப் பிடிக்காதேங்கோ.

சோடா வேண்டாம், காஸ் உப்பவைக்கும். இளநி நல்லதுதானே எண்டு கேட்பியள். அதிலயும் சீனி இருக்குது. அரைக் கிளாஸ், அதுவும் முடறு முடறா.

இனிச் சாப்பாடு. முதல் ரெண்டு கிழமையும் தண்ணிச் சாப்பாடு மட்டும்: வடிச்ச பருப்புத் தண்ணி, வடிச்ச மீன் சூப், மோர், ஆடை எடுத்த பால். மூண்டாம் நாலாம் கிழமை மசியல். முள்ளெடுத்த மீனை அவிச்சு, அந்தத் தண்ணியிலயே கடைஞ்சு, கரண்டியால எடுத்தால் வழுகி விழுகிற பதத்தில இருக்கவேணும். அஞ்சாம் ஆறாம் கிழமை மெத்தெண்ட சாப்பாடு: விரால் மீன் கறி உறைப்பில்லாமல், கலக்கிப் பொரிச்ச முட்டை, நல்லா அவிஞ்ச பூசணிக்காய். அதுக்குப் பிறகுதான் வீட்டுச் சாப்பாடு. உங்கட டொக்டர் ஒரு கிழமை கூடக் குறையச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. தையலைப் பார்த்தவர் அவர்.

இப்ப புட்டு. இருபதாம் நாள் அம்மாவுக்கு மனம் பொறுக்காது. “ஒரு பிடி புட்டுத்தானே, சொதி விட்டுக் குழைச்சுத் தாறன்” எண்டு கொண்டுவருவா. அரிசிமாப் புட்டு உலர்ந்த சாமான், உள்ளுக்கப் போய் ஈரத்தை உறிஞ்சி ஊதும். தேங்காய்ப்பூ எண்டால் எல்லாம் நார். சொதி அதைக் களியாக்கி, குழாயின்ர ஒடுங்கின இடத்தில கொண்டுபோய் இருத்தும். முதல்ல விக்கல் வரும், மூக்கால தண்ணி ஓடும், வாயில உமிழ்நீர் ஊறும், நெஞ்சுக்கு நடுவில கல்லு வைச்சமாதிரி இருக்கும். அப்ப தண்ணி குடிச்சு இறக்கப் பார்க்கிறது ஆகப் பெரிய பிழை. தண்ணி போக இடமில்லை. எழும்பி மெதுவா நடவுங்கோ, பொறுத்திருங்கோ. வந்தால் வெளியில வரட்டும். பிறகு அண்டைக்கு முழுக்கத் தண்ணிச் சாப்பாடுதான்.

ரெண்டு மாதம் கழிச்சுப் புட்டுச் சாப்பிடலாமோ எண்டால், சாப்பிடலாம். ஒரு மேசைக்கரண்டி, கடைசியா. கடைசியா எண்டதைத் திருப்பியும் சொல்லுறன். முதல் மீன் அல்லது முட்டை, பிறகு மரக்கறி, அதுக்குப் பிறகு இடமிருந்தால்தான் புட்டோ சோறோ. சோத்துக் கோப்பையைத் தள்ளிவைச்சுத் தேத்தண்ணிப் பீரிசில சாப்பிடுங்கோ. தேக்கரண்டியால எடுத்து, ஒரு வாயை இருபது இருபத்தைஞ்சு தரம் சப்பி, கரண்டியைக் கீழ வைச்சுப்போட்டு விழுங்குங்கோ. ஒரு சாப்பாடு இருபது நிமிசம், அரை மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம். புதுப் பாண் உருண்டு பசையாகும், வாட்டித்தான் சாப்பிடவேணும். பனங்கிழங்கும் முருங்கைக்காய்ச் சக்கையும் மாம்பழ நாரும் விழுங்கவே கூடாது. நார் உள்ளுக்கத் திரண்டு கட்டியா நிண்டால் பிறகு குழாய் விட்டுத்தான் எடுக்கவேண்டி வரும்.

புரதம் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. அதுக்குப் பவுடர் டின் வாங்கத்தான் வேணுமெண்டில்லை. முட்டை ரெண்டில 12. சமைச்ச மீன் 100 கிராமில 20. பால் 200 மில்லிப்படி ரெண்டு தரம் குடிச்சால் 13. அவிச்ச பருப்பு 100 கிராமில 8. சோயாமீற் காஞ்சது 25 கிராமில 12. கூட்டிப் பாருங்கோ, 65 வருது. முதல் மாதம் இவ்வளவும் ஏலாது, பாலும் மோரும் தூக்கிவிடவேணும். பசியே இல்லையெண்டு சாப்பாட்டை விடுறவையும் இருக்கினம். பசியைக் கிளப்புற கிறெலின் எண்ட சுரப்பு, வெட்டி எடுத்த பக்கத்திலதான் கூடச் சுரக்கிறது. அதால முதல் மாதங்களில பசி ஒரு அளவுகோலில்லை, மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கோ.

நான் பேசத் தொடங்கி எட்டு நிமிசம் ஆகுது. போத்தல் கிட்ட இருந்தால் ஒரு முடறு.

இனிப்பு. முக்கியமா பைபாஸ் செய்த ஆக்களுக்கு. சர்க்கரைப் புக்கையும் பாயாசமும் நேரே குடலுக்குள்ள விழும். பத்து நிமிசத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள்ள நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிறு முறுக்கிக்கொண்டு போகும். சிலருக்கு ஒண்டு தொடக்கம் மூண்டு மணித்தியாலம் கழிச்சு இரத்தத்தில சீனி அடியில இறங்கிக் கை நடுங்கும். கோயில் பிரசாதத்தை மறுக்கேலாதுதான், நுனிவிரலில தொட்டு நாக்கில வைச்சால் அம்மாள் கோவிக்கமாட்டா.

பயணமும் வேலையும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல. இரவு பஸ்ஸில காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏழெட்டு மணித்தியாலம் வந்தால் காலில இரத்தம் கட்டும். பகலில வாங்கோ, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி நடவுங்கோ. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில எல்லாரும் இறங்குவினம், நீங்களும் இறங்குங்கோ, நடக்கிறதுக்கு. கச்சானுக்கில்லை. இரத்தம் கட்டாமல் வயித்தில போடுற ஊசி தந்திருந்தால், அதை மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ வைச்சு அவியவிடாதேங்கோ. ஆறு கிழமைக்கு 5 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது. கிணத்து வாளி நிரம்பினால் 10 கிலோ வரும். நெல்மூடையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். காலபோக அறுவடைக்கு ஆள் பிடியுங்கோ. காயம் முழுக்க மாறும்வரை குளத்தில முழுகவும் வேண்டாம்.

நாடித்துடிப்பு சும்மா இருக்கேக்கையே நிமிசத்துக்கு 120 க்கு மேல போகுது, காய்ச்சல், குறையாத வயித்து வலி, இடது தோளில நோ, மூச்சு வாங்குது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குது: இதில ஒண்டெண்டாலும் விடியும்வரை பார்க்காதேங்கோ. 1990 ஐ அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தையல் போட்ட இடத்தில கசிவு எண்டால் மணித்தியாலக் கணக்குத்தான் கையில இருக்குது.

ரெண்டு மூண்டு நாளாச் சத்தி நிக்கேல்லையெண்டு முல்லைத்தீவிலயோ மல்லாவியிலயோ ஆஸ்பத்திரிக்குப் போறியள் எண்டு வையுங்கோ. வாசலிலயே சொல்லுங்கோ: “எனக்கு இரைப்பை சத்திரசிகிச்சை செய்தது, குளுக்கோஸ் சேலைன் ஏத்த முதல் தயமின் ஊசி வேணுமோ எண்டு பாருங்கோ.” தயமின் எண்டது பி1 விற்றமின். உடம்பில அது வத்தின நேரம் குளுக்கோஸ் ஏறினால் மூளை தாக்கப்படும். ஒண்டு ரெண்டாத் தெரியிறது, தள்ளாடுறது, கதை தடுமாறுறது அதின்ர அடையாளம். ஆஸ்பத்திரியால விடேக்க தந்த டயக்னோசிஸ் காட்டைப் படப்பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள்ள ஒட்டிவையுங்கோ. வருத்தக்காரர் மயங்கிக் கிடந்தாலும் கொப்பி சொல்லும்.

சீனி வருத்தக்காரர் கவனிக்கவேணும், சாப்பாடு குறைஞ்ச அண்டைக்கே மருந்தும் குறையவேண்டி வரும். பழைய அளவில இன்சுலினும் கிளிக்கிளசைட்டும் போட்டால் சீனி விழுந்து மயங்குவியள். பிரஷர்க் குளிசையும் அப்பிடித்தான்.

நேரக்காரர் கை காட்டுறார். விற்றமினுக்கெண்டு தனிப் பகுதி வைச்சிருந்தனான், சுருக்குறன். குளிசை வாழ்நாள் முழுக்க. மல்ரிவிற்றமின், பி12, விற்றமின் டி, இரும்பு, கல்சியம். இரும்பும் கல்சியமும் ரெண்டு மணித்தியாலம் தள்ளித்தான், இரும்போட தேத்தண்ணி கூடவே கூடாது. கல்சியத்தில சிற்றேற் நல்லது. காபனேற்தான் கிடைச்சால் சாப்பாட்டோட எடுங்கோ. இரத்தப் பரிசோதனை 3, 6, 12 மாதத்தில, பிறகு வருசாவருசம். மூண்டாம் மாதத்திலிருந்து மயிர் கொட்டும், பயப்பிடாதேங்கோ, புரதம் சரியெண்டால் திரும்ப முளைக்கும். நோவுக்கு டைக்குளோபெனக், ஐபுபுரூபன் வேண்டாம், பைபாஸ் பொருத்தில புண் வரும், பரசிற்றமோல் போதும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும். சாராயம் முந்தி நாலு கிளாஸுக்கு ஏறினது இப்ப ஒரு கிளாஸிலயே ஏறும்.

கடைசியா, பொம்பிளையளுக்கு. எடை குறையக் கரு தங்கிற வாய்ப்புக் கூடும், கனகாலம் பிள்ளையில்லாத ஆக்களுக்கும்தான். ஆனா 12 இலிருந்து 18 மாதம் பொறுக்கவேணும், உடம்பு வத்திற நேரத்தில பிள்ளைக்கும் சத்துப் போதாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசையை நம்பேலாது, கருப்பையில வைக்கிற லூப் அல்லது கையில தோலுக்குக் கீழ வைக்கிற குச்சிதான் நல்லது. உங்கட குடும்பநல மாதுவிட்டச் சத்திரசிகிச்சை செய்ததை மறைக்காதேங்கோ, அவ பதியிற காட்டில அதுவும் எழுதப்படவேணும். நேரம் முடிஞ்சுது. வணக்கம்.