1894: பேஸ்பால் முதலாளிகள் நடத்திய கால்பந்து லீக்

[திரையில்: மரப்பலகை கேலரியுடன் ஒரு பழைய பேஸ்பால் மைதானம். புல்தரையில் இரண்டு கோல் கம்பங்கள்.]

வணக்கம். 1894 அக்டோபர் 6. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களை வைத்து அமெரிக்காவின் முதல் கால்பந்து லீக் தொடங்கிய நாள். பாஸ்டன், புரூக்ளின், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் என்று ஆறு அணிகள். மூன்று வாரம் முடிவதற்குள் லீக்கை இழுத்து மூடிவிட்டார்கள்.

"அமெரிக்காவில் கால்பந்து எடுபடாது, அன்றைக்கே பார்த்தாச்சே" என்று இந்த லீக்கை உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த லீக்கை யார் தொடங்கினார்கள், எதற்காகத் தொடங்கினார்கள் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

தொடங்கியவர்கள் பேஸ்பால் கிளப் முதலாளிகள். அப்போது பெரிய பேஸ்பால் லீக் என்றால் நேஷனல் லீக்தான். மொத்தம் 12 கிளப்கள். அதில் கிழக்குக் கரையோரத்து ஆறு கிளப்கள் சேர்ந்து போட்ட திட்டம் இது. 1893இல் வெடித்த நிதி நெருக்கடியால் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டால் வசந்தகாலம் வரை மைதானம் சும்மா கிடக்கும், வருமானம் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப ஏதாவது ஒரு ஆட்டம் வேண்டும். கால்பந்து கண்ணில் பட்டது.

அணிகளுக்குப் புதுப் பெயர்கூட வைக்கவில்லை, பேஸ்பால் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். பால்டிமோர் கால்பந்து அணிக்குப் பொறுப்பாளராக இருந்தவர், ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர் நெட் ஹான்லன். இதைவிட என்னைத் திகைக்கவைத்தது தொடக்க நாள்தான். அந்த வருடம் டெம்பிள் கோப்பை என்ற பேஸ்பால் இறுதித் தொடர் அக்டோபர் 4 முதல் 8 வரை நடந்தது. மோதியவை பால்டிமோரும் நியூயார்க்கும். அதாவது, கால்பந்து லீக் தொடங்கிய அதே நாட்களில் ஆறில் இரண்டு கிளப்கள் தங்கள் பேஸ்பால் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருந்தன. ஊர் முழுக்கப் பேஸ்பால் பேச்சாக இருக்கும்போது இந்தப் புது லீக்கை யார் கவனிப்பார்கள்?

[திரையில்: நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் வரைபடம். கியர்னி, ஃபால் ரிவர், பட்டக்கெட் புள்ளிகளாக ஒளிர்கின்றன.]

சரி, அன்றைக்கு அமெரிக்காவில் கால்பந்து ரசிகர்களே இல்லையா? இருந்தார்கள், நிறைய இருந்தார்கள். நியூ ஜெர்சியில் கியர்னி என்று ஒரு ஊர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலிருந்து வந்த கிளார்க் குடும்பம் அங்கே நூல் ஆலை வைத்தது. ஆலையோடு ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களும் வந்தார்கள், அவர்களோடு கால்பந்தும் வந்தது. ஆலை அணியின் பெயர் ஓ.என்.டி. "எங்கள் புதிய நூல்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நூல்கண்டின் பிராண்டுப் பெயரே அணிக்கும் பெயர்! 1884இல் உருவான கால்பந்து அமைப்பான அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் நடத்திய கோப்பையை இந்த அணி முதல் மூன்று முறையும் வென்றது. அதற்குப் பிறகு கோப்பை மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் பக்கம் போனது. அதுவும் பஞ்சாலை ஊர்தான், இங்கிலாந்தின் லங்காஷயர் தொழிலாளர்கள் குடியேறிய இடம்.

அணிகள் இருந்தன, கோப்பை இருந்தது, தலைமுறையாக ஊறிய ரசனையும் இருந்தது. முதலாளிகள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. மாறாக, வார நாட்களின் மதியத்தில் பெருநகரங்களில் ஆட்டம் வைத்தார்கள். கால்பந்தைக் காதலித்தவன் அந்த நேரத்தில் தறி முன்னால் நின்றுகொண்டிருப்பான். அவன் எப்படி வருவான்? ஏற்கெனவே விளையாட்டை நடத்திவந்த அசோசியேஷனும் முறைத்துக்கொண்டது. இந்த லீக்கில் கையெழுத்துப் போடும் ஆட்டக்காரருக்குத் தன் போட்டிகளில் இடமில்லை என்று அறிவித்துவிட்டது.

ஆறு அணிகளில் பால்டிமோர் மட்டும் காரியத்தில் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். அதில் மான்செஸ்டர் சிட்டி ஆட்களும் உண்டு. சிட்டிக்கு அந்தப் பெயர் வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. வந்தவர்கள் வாஷிங்டனை 10-1 என்று துவைத்து எடுத்தார்கள். பணம் கொடுத்துப் பார்க்கவேண்டிய ஆட்டம் அதுதான். ஆனால் அதுவே வில்லங்கமாகவும் ஆனது. வெளிநாட்டவரை ஒப்பந்தம் போட்டு வேலைக்குக் கூட்டிவரக் கூடாது என்று 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நடிகர், பாடகர், சொற்பொழிவாளர் போன்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பந்தாட்டக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புகார் கிளம்பியது, அரசு அதிகாரிகள் விசாரணையில் இறங்கினார்கள். பால்டிமோர் தரப்பு சொன்ன விளக்கம்: இவர்கள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர்கள். பேச்சைக் கேட்டாலே எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடுமே!

இந்த நேரத்தில்தான், நேஷனல் லீக்குக்குப் போட்டியாகப் புதிய பேஸ்பால் லீக் ஒன்று தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், முதலாளிகளுக்குக் கால்பந்து மறந்துபோனது. சொந்தத் தொழிலுக்கே ஆபத்து என்றால் பக்கத்துத் தொழிலை யார் பார்ப்பார்கள்? அக்டோபர் முடிவதற்கு முன்பே லீக் நின்றது. புரூக்ளின் புள்ளிப் பட்டியலில் மேலே இருந்தது. பால்டிமோரோ ஆடிய நான்கையும் வென்றிருந்தது. இரண்டில் எது சிறந்த அணி என்று பார்க்க வாய்ப்பே இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

[திரையில்: கல்லூரி மாணவர்கள். தோல் பந்து.]

கல்லூரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு 25 பேராக ஆடிய ஆட்டம் கால்பந்துக்குத்தான் நெருக்கம், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அப்புறம் ஹார்வர்டு ரக்பி பக்கம் சாய்ந்தது. 1876இல் மற்ற பெரிய கல்லூரிகளும் அதே வழியில் போயின. அந்த ரக்பிதான் வளர்ந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலானது. பேஸ்பால் முதலாளிகள் கால்பந்தைக் கைவிட்ட மறுமாதம், நவம்பர் 24ஆம் தேதி, ஸ்பிரிங்ஃபீல்டில் ஹார்வர்டும் யேலும் அந்த ஆட்டத்தை ஆடின. யேல் 12-4 என்று வென்றது. எலும்பு முறிந்தும் நினைவு தப்பியும் ஆட்டக்காரர்கள் வெளியே தூக்கிவரப்பட்டார்கள். அடுத்த இரண்டு வருடம் இரு கல்லூரிகளும் மோதவே இல்லை.

அந்த ஆட்டம் முடிந்து பதினொரு ஆண்டுகள் கழித்துத்தான் கால்பந்து கல்லூரிக்குத் திரும்பிவந்தது. 1905 ஏப்ரல் 1 அன்று ஹேவர்ஃபோர்டு என்ற சிறிய கல்லூரி ஹார்வர்டை 1-0 என்று வென்றது. அதே ஆண்டு கல்லூரிகளுக்கென்று ஒரு லீக் உருவானது.

[திரையில்: கியர்னி, இன்றைய தெரு.]

நூல் ஆலை ஊருக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். நாற்பது வருடம் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் இருந்த அமெரிக்கா 1990இல் இத்தாலிக்குப் போனது. கோல்கீப்பர் டோனி மியோலா, நடுக்களத்தில் ஜான் ஹார்க்ஸ், டேப் ராமோஸ். மூன்று பேரும் கியர்னிப் பகுதியில் ஆடி வளர்ந்தவர்கள்.