பழைய பேஜ்மேக்கரை விட்டுப் புது இன்டிசைனுக்கு மாறலாமா? தலவாக்கலையிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன்: அச்சுக்குப் பக்கம் அமைக்கிற மென்பொருளில், பழைய பேஜ்மேக்கரை விட்டுப் புது இன்டிசைனுக்கு மாறலாமா? ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்று பல பக்கத்திலிருந்தும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். தெளிவாகக் கேட்டவர் தலவாக்கலையில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவர் எழுதியதை வாசிக்கிறேன்.

"அண்ணே, கடையில் பேஜ்மேக்கர் 7உம் இன்டிசைன் சிஎஸ்6உம் இருக்கிறது. கோயில் விஞ்ஞாபனம், கல்யாணக் கார்ட், பாடசாலை மலர் எல்லாம் பாமினியில்தான் அடிக்கிறேன். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் யூனிகோட்டில் மேட்டர் அனுப்புகிறார்கள். புது மெஷினில் புது இன்டிசைன் ட்ரயல் போட்டுப் பார்த்தேன். தமிழ் உடைந்து வருகிறது, பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கவே இல்லை. மாதாமாதம் காசு கட்டி மாறுவதில் பிரயோசனம் இருக்கிறதா? கண்டியில் பிளேட் போடுகிற அச்சகத்துக்கு எந்த ஃபைலைக் கொடுப்பது?"

சரி தம்பி. முதலில் ஒன்று. அந்த சிஎஸ்6 இருக்கிற பழைய மெஷினை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஃபோர்மெட் பண்ணவும் வேண்டாம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதோடு அதன் கதை முடிந்தது, இரண்டையும் செய்த அடோபி நிறுவனம் இன்டிசைன் பக்கம் போய்விட்டது. 2012இல் வந்த சிஎஸ்6 வரைக்கும் இன்டிசைன் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை நேரே திறக்கும், பிறகு வந்த பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பேஜ்மேக்கர் வேலைகள் புதுப் பதிப்புக்குப் போக வேண்டுமென்றால் சிஎஸ்6 வழியாகத்தான் போக வேண்டும். அதில் திறந்து, இன்டிசைன் ஃபைலாகச் சேமித்து, பிறகு புதியதில் திறக்கலாம். அந்த மெஷினில் விண்டோஸ் 10 என்றால், 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்ட் அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, பழைய வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ் உடைவது. இதுதான் கேள்வியின் நடு மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாமினி என்ற எழுத்துருவுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். "தமிழ்" என்று திரையில் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதனால் கம்ப்யூட்டர் எதையும் யோசிக்கத் தேவையில்லை, அடித்த வரிசையில் அப்படியே அடுக்கும். 2001இல் வந்த பேஜ்மேக்கரிலும் பாமினி அழகாக வந்தது இதனால்தான். யூனிகோட்டில் அப்படி இல்லை, அதில் தமிழ் எழுத்துக்கென்றே தனி இலக்கம் இருக்கிறது. "தேயிலை" என்று அடித்தால் உள்ளே த முதலில், ஏகாரக் கொம்பு பிறகு. ல முதலில், ஐகாரக் கொம்பு பிறகு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் த போட்டு, அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டு, சில நேரம் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தையும் காட்டும். நீங்கள் பார்த்த உடைசல் அதுதான்.

இன்டிசைனுக்கு அந்த வேலை தெரியும். ஆனால் சொல்லிக் கொடுத்தால்தான் செய்யும். பெராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் என்ற பகுதிக்குப் போனால் கொம்போசர் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சாதாரண 'அடோபி பெராகிராஃப் கொம்போசர்' தெரிவாகியிருக்கும். அதை 'அடோபி வேர்ல்ட்-ரெடி பெராகிராஃப் கொம்போசர்' என்று மாற்றுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஆவணம் எதுவும் திறக்காமல் பிரிஃபரன்ஸில் மாற்றிவிட்டால் இனித் தொடங்கும் வேலைகளுக்கு அதுவே நிற்கும். பழைய ஆவணங்களுக்கு அது தானாகப் போகாது, ஸ்டைல் ஸ்டைலாக மாற்ற வேண்டும். ஸ்டைலே போடாமல் எல்லாவற்றையும் கையால் பெரிதாக்கிச் சின்னதாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் கண்ணீர் வரும். நம் பக்கக் கடைகளில் பாதிப் பேர் அப்படித்தான் என்று நினைக்கிறேன், கோபிக்காதீர்கள்.

இப்போது கவனியுங்கள் தம்பி, இந்த வேர்ல்ட்-ரெடி கொம்போசர் உங்கள் சிஎஸ்6இலேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட்ஸ் பெனலில் இந்திய மொழிகளுக்கென்று ஒரு ஸ்கிரிப்டும் வைத்திருப்பார்கள், அதை ஓட்டினால் அமைப்புகள் மாறும். புதுப் பதிப்புகளில் எழுத்தை அடுக்குகிற எஞ்சினையே மாற்றி ஹார்ஃப்பஸ் என்பதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது தமிழுக்கு இன்னும் நன்றாக உதவுகிறது. ஆனால் காசு கட்ட முன்னம், கையில் இருக்கிறதில் ஒரு விஞ்ஞாபனத்தை யூனிகோட்டில் முழுதாகச் செய்து பாருங்கள். நீங்கள் பாவிக்கும் இரண்டு மூன்று எழுத்துருவில் சரியாக வந்தால் இப்போதைக்கு மாற வேண்டிய அவசரமே இல்லை.

புது வசதி என்று விளம்பரத்தில் வருகிறதே, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2025 பதிப்பில் கணித சமன்பாடுகளை உள்ளேயே எழுதுகிற வசதி வந்தது. மாதிரி வினாத்தாள் அடிக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய விஷயம், இதுவரை வேர்டில் எழுதிப் படமாகக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தியதில், பக்கங்களை அழிக்காமல் மறைத்து வைக்கிற வசதி வந்தது. ஒரே அழைப்பிதழைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஃபைலில் வைத்திருப்பவர்களுக்குக் கைகொடுக்கும். மற்றபடி எழுதிக் கேட்டால் படம் வரைந்து கொடுப்பது, ஓரத்தை நீட்டிக் கொடுப்பது எல்லாம் இருக்கிறது. முருகனுக்கு அதை வைத்துப் படம் செய்தால் கை விரலை எண்ணிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் அடோபி இனி வாடகை மட்டும்தான் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த இன்டிசைனை ஒரு முறை வாங்கிச் சொந்தமாக்க வழி இல்லை. 2022இல் மாதக் கட்டணம் 21 டொலருக்குக் கிட்ட இருந்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதத்தில் 360 ரூபா. அடோபி ஒரு சதம் கூட்டாமலேயே நமக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஏழாயிரத்தைத் தாண்டியது. திருவிழா மாதங்களில் வேலை குவியும், மழை மாதங்களில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட தொழிலுக்கு மாதச் சந்தா ஒத்துவருவது கஷ்டம். இன்னொன்று, மாதாமாதம் கட்டுகிற மாதிரித் தெரிகிற அந்தத் திட்டம் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். பதினாலு நாளுக்குப் பிறகு இடையில் நிறுத்தினால் மிச்ச மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குப் போட்டது. ஒரு மலர் வேலைக்காக மட்டும் எடுப்பதென்றால், விலை கூடினாலும், ஒப்பந்தம் இல்லாத தனி மாதத் திட்டத்தைப் பார்த்து எடுங்கள்.

ட்ரயலிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஃபைலைப் புதியதில் திறந்தால் மேலே பெயருக்குப் பக்கத்தில் 'கன்வர்ட்டட்' என்று காட்டும். அதைச் சேமித்தால் அது புதுப் பதிப்பின் ஃபைல், சிஎஸ்6 திரும்பித் திறக்காது. ஏழு நாளில் ட்ரயல் முடிந்ததும் உங்கள் வேலை உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே ட்ரயலில் எதைச் செய்தாலும் ஐடிஎம்எல் என்ற வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதை சிஎஸ்4இலிருந்து எல்லாப் பதிப்பும் திறக்கும். கொழும்பில் யாராவது புதுப் பதிப்பில் செய்து அனுப்பினாலும் இதையே கேட்டு வாங்குங்கள். ஆனால் திறந்த பிறகு வரிகளைப் பழைய பீடிஎஃப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். எழுத்தை அடுக்குகிற முறை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் பந்தியில் ஒரு வரி கூடும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய் ஒளிந்துகொள்ளும். அன்னதான உபயகாரர் பெயர் அந்த வரியில் இருந்தால் யோசித்துப் பாருங்கள். இதற்காகத்தான் சொல்கிறேன், பாதியில் இருக்கும் வேலையைப் பதிப்பு மாற்றாதீர்கள். பழைய வேலை பழைய மெஷினில் முடியட்டும், புது வேலையைப் புதியதில் தொடங்குங்கள்.

எழுத்துருவைப் பற்றியும் பயம் வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை அடோபி கைவிட்டது, அதைக் கேட்டுவிட்டுப் பாமினியும் போய்விட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. நாம் பாவிக்கிற பாமினி ட்ரூடைப் என்ற வேறு வகை. புது இன்டிசைனிலும் வேலை செய்யும். ஹைஃபனேஷனை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதை ஆங்கிலம் என்று நினைத்துத் தமிழ்ச் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டும். வேர்டில் பாமினி அடிக்கிறவர்கள் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிற ஓட்டோ கரெக்டை நிறுத்த வேண்டும். எம் என்ற விசை அ, பெரிய எம் ஆ. "அம்மா" என்று தொடங்கிய இரங்கல் செய்தி "ஆம்மா" என்று போய்விடும்.

பாமினியை யூனிகோட்டாக மாற்றக் கன்வர்ட்டர் இருக்கிறது, ஒன்லைனில் இலவசமாகவே. அதற்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. விலாசத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிக் கொத்துரொட்டி போட்டுவிடும். எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. வருடாவருடம் திரும்ப வருகிற விஞ்ஞாபனம், பரிபாலன சபைப் பட்டியல் மாதிரியானவை போதும். மற்றதை பீடிஎஃப் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இலவசம் வேண்டுமென்றால் ஸ்க்ரைபஸ் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6ஐ எடுங்கள். பழைய 1.4 யூனிகோட் தமிழைச் சரியாக அடுக்காது. 1.6இல் சேமித்ததை 1.4 திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2025இல் இலவசமாக்கினார்கள், பார்க்க அழகு. ஆனால் அஃபினிட்டி பப்ளிஷர் 2 வரைக்கும் தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்கும் வசதி வரவில்லை. புதியதையும் "தேயிலை" என்று அடித்துப் பார்த்துவிட்டே நம்புங்கள். மைக்ரோசொஃப்ட் பப்ளிஷரில் வினாத்தாள் செய்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: 2026 ஒக்டோபரோடு அதை நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது. மாதச் சந்தாவில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு அந்த ஃபைல்களைப் பப்ளிஷரில் திறக்க முடியாது. விடுமுறையில் உட்கார்ந்து பீடிஎஃப்பாகவும் வேர்டாகவும் மாற்றி வையுங்கள்.

கண்டி அச்சகத்துக்கு எப்போதும் பீடிஎஃப் கொடுங்கள் தம்பி, இன்டிசைன் ஃபைல் வேண்டாம். அவர்களிடம் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு இருக்கிறது என்று நமக்கு எதற்கு? அச்சுக்கான பீடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏயா எக்ஸ்-4ஆ வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். சுற்றிவர 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் ஓரம், விடுங்கள். பீடிஎஃப்பைத் திறந்து புரொப்பட்டீஸில் ஃபொன்ட்ஸ் பக்கத்தைப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' (ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். இல்லாத ஒன்று இருந்தால் அந்த வரியை மட்டும் அவுட்லைனாக்குங்கள், அதாவது எழுத்தை வெறும் உருவமாக மாற்றுங்கள். முழு மலரையும் அவுட்லைனாக்கினால் கடைசி நேரத்தில் தலைவர் வந்து ஒரு எழுத்தைத் திருத்தச் சொல்லும்போது அகப்பட்டுக்கொள்வீர்கள். அப்புறம் கறுப்பு. வேர்டிலிருந்து நேரே வந்த பீடிஎஃப்பில் கறுப்பு எழுத்து பல நேரம் நாலு நிறமாகப் பிரிந்து நாலு பிளேட்டிலும் விழும். பத்துப் பொயின்ட் தமிழில் ஒரு பிளேட் துளி அசைந்தாலும் புள்ளியும் சுழியும் நிறம் நிறமாகத் தெரியும். எழுத்து கறுப்பு 100, மற்ற மூன்றும் பூச்சியம். அனுப்ப முன்னம், நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் செப்பரேஷன் பிரிவியூவில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் அனுப்பலாம்.