அரசு ஆபீஸ்ல வேலை ஓடுறது தேர்வாலயா, பயிற்சியாலயா? – பயிற்சி அணிப் பேச்சு

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் பின்னாடி நின்னுட்டே கேக்குற சனத்துக்கும் வணக்கம். நேரம் கம்மி, விஷயத்துக்கு வந்துடறேன்.

எதிரணி அண்ணன் சொன்னாரு, நல்ல ஆளா பாத்து எடுத்துட்டா போதும், வேலை தானா நடக்கும்னு. சரிண்ணே. 2024-ல டி.என்.பி.எஸ்.சி. நடத்துன குரூப் 4 பரீட்சைக்கு 20 லட்சம் பேருக்கு மேல விண்ணப்பிச்சாங்க. 200 கேள்வி, 300 மார்க். அதுல ஜெயிக்கிற புள்ள சாதாரணப் புள்ளையா? எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு அப்படி ஜெயிச்சு ஒரு தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா போய் உக்காந்துச்சு. மொத நாளே ஒரு கட்டு தபாலைத் தூக்கி மேஜைல வச்சு, இதான்மா உன் சீட்டுன்னுட்டாங்க. என்ன சார் பண்ணணும்னு கேட்டுச்சு. "பழைய கோப்பைப் பாத்து எழுதும்மா." அவ்ளோதான் பயிற்சி!

அதுவும் பாத்து எழுதுச்சு. யாருக்கு? முதியோர் பென்ஷன் கேட்ட ஒரு தாத்தாவுக்கு. கைல சிக்குன பழைய கோப்பு எது? விதவை பென்ஷன் கோப்பு! தாத்தா வீட்டுக்கு லெட்டர் போகுது, "தங்கள் கணவரின் இறப்புச் சான்றை இணைத்து அனுப்பவும்".

பொறுங்க, இன்னும் முடியல. பேரன் படிக்கிறான். பாட்டி பதறிப்போயி, யாருடா செத்தாங்குறாங்க. மறுபடி படிக்கிறான். தங்கள் கணவரின்... தாத்தா வேட்டிய மடிச்சுக் கட்டி, பாட்டியையும் கூட்டிக்கிட்டு நேரா ஆபீசுக்கே வந்துட்டாரு. "அம்மாடி, எனக்குக் கணவர் கிடையாது, நான்தான் இவளுக்குக் கணவர், உயிரோடதான் இருக்கேன், சான்றுக்கு நான் எங்கம்மா போவேன்?"

சிரிக்கிறீங்க. அந்தப் பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதுச்சு. சட்டப்பிரிவெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லும், ஆனா தபாலுக்கு ந.க. எண், அதான் நடப்புக் கணக்கு எண் போடுறது, தன்பதிவேட்ல, அதாவது தன் சீட்டுக்கு வந்த தபாலையெல்லாம் எழுதுற நோட்டுல ஏத்துறது, குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைக்கிறது, இதெல்லாம் எந்தக் கேள்வித்தாள்லண்ணே கேட்டாங்க?

அண்ணன் ஒண்ணு சொல்லிக் கைதட்டல் வாங்கினாரு, பவானிசாகர்ல புதுசா சேர்ந்த அரசு ஊழியருக்குக் குடுக்குற பயிற்சின்னா டேமைப் பாத்துட்டு மீன் தின்னுட்டு வர்றதுன்னு. ஏண்ணே, டேம் பக்கத்துல இருக்குறது படிக்கப் போனவங்க குத்தமா? சாயங்காலம் மீன் சாப்பிட்டா காலைல படிச்சது மறந்துடுமா? அதே பொண்ணு அங்க போயிட்டு வந்து மொத வேலையா சீட்ல கெடந்த தபாலை பூரா பதிவேட்ல ஏத்தி, எது நிலுவை, எதுக்கு நினைவூட்டு போகணும்னு பிரிச்சு வச்சுது. ஆளு அதே ஆளு, சம்பளம் அதே சம்பளம், பரீட்சை திரும்ப எழுதல. மாத்துனது எது நடுவர் ஐயா, மீனா? கொடுமை என்னன்னா அந்தப் பயிற்சிய முடிச்சாதான் தகுதிகாண் பருவமே, அதாவது வேலைக்கு வந்த புதுசுல இருக்குற சோதனைக் காலமே முடியும்னு விதி இருக்கு, ஆனா அழைப்பு வர்றதுக்குள்ள மாசக்கணக்கா ஓடிடுது, அதுவரைக்கும் மனு குடுத்த ஏழைசனத்து மேலதான் எழுதிப் பழகுறாங்க.

அண்ணே, அப்பா சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்துபோயி கருணை அடிப்படைல அந்த வேலைக்கு வர்ற புள்ளைங்க இருக்காங்க. குரூப் 4 எழுதாதவங்க. உங்க கணக்குப்படி அவங்க தேறவே கூடாது. அப்பா கையெழுத்து போட்ட கோப்பையே எடுத்து வச்சுக்கிட்டு, பக்கத்து சீட் அக்கா சொல்லிக்குடுக்க சொல்லிக்குடுக்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே மொத குறிப்பு எழுதுற புள்ளைகிட்ட போயி நீ என்ன ரேங்க்னா கேப்பீங்க? குடும்ப பென்ஷனுக்கு அவங்க அம்மாவும் மனுவோட அலைஞ்சிருப்பாங்க. அந்த வலி தெரிஞ்ச புள்ளைக்கு வேலையையும் சொல்லிக்குடுத்துட்டா, இன்னொரு அம்மா அலைய மாட்டாங்க. தீர்ப்பு சொல்லும்போது அந்த அம்மாவை நெனைச்சுக்கோங்க நடுவர் ஐயா. வணக்கம்.