ஆத்திரம் வரும் முன்பே பட்டியல் வரட்டும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, என்னை அழைத்ததோடு விடாமல் மூன்று முறை தொலைபேசியில் நினைவூட்டிய செயலாளர் அவர்களே, காத்திருக்கும் நோயாளிகளிடம் சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, நூலகப் பொறுப்பாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலை முடிந்த களைப்போடு நேராக வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, இடம் இல்லாமல் பின்னால் நின்றபடி கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. குரலை உயர்த்தாமல் ஒரு பள்ளியை நடத்த முடியும் என்று காட்டியவர் அவர். அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். கோபத்தைப் பற்றிப் பேச அவருக்குத்தான் தகுதி அதிகம், ஆனால் கோபத்தால் கெட்டு, உதவி தேடி அலைந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. அந்த ஒரு தகுதியில்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். கோபத்துக்குச் சிகிச்சை என்று போனால் யாரிடம் போவது, அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்தப் பழமொழியை என்னிடம் பலர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் திட்டுவதற்காக. ஆனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புத்தி இல்லை என்று அது சொல்லவில்லை. மட்டு என்றுதான் சொல்கிறது. குறைந்திருப்பதைக் கூட்டலாம், அதற்கு வழி இருக்கிறது, சொல்லிக்கொடுக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறைக் கதவு. ஒரே வருடத்தில் மூன்று முறை அதன் கீல் பெயர்ந்து தொங்கியது. அறைந்து சாத்தியது நான்தான். முதல் தடவை தச்சர் வந்தார், திருகாணியை மாற்றினார், போனார். இரண்டாவது தடவை சட்டத்தில் மரத்துண்டு வைத்து அடைத்து, கீலை இரண்டு விரல் கீழே இறக்கி மாட்டினார். மூன்றாவது தடவை வந்தவர் பெட்டியையே திறக்கவில்லை. கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். சட்டத்தில் கையை வைத்துத் தடவினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சார், நான் மறுபடியும் மாட்டித் தரேன், கூலியும் வாங்கிக்கிறேன். ஆனா கோளாறு கதவுல இல்லை சார்” என்றார். வயதில் மூத்தவர். திட்டவில்லை, சிரிக்கவில்லை. என் மகள் அந்த அறைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. காதில் விழாதது போல இருக்கப் பழகிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு கைபேசியை எடுத்து உட்கார்ந்தேன். அவமானம் ஒரு பக்கம், யாரையாவது பிடித்து உடனே இதை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். விளம்பரத்தில் முதலில் வந்த பெயருக்கு அழைத்தேன். என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், எதையும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கத் தோன்றாது. ஆத்திரம் அடங்கிய முதல் சில மணி நேரத்திலும் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுத்தான், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அவர் சொன்னார், கோபம் உள்ளே தேங்கிக் கிடக்கிறது, வெளியே கொட்டிவிட வேண்டும், தினமும் தலையணையை வைத்து ஆத்திரம் தீரக் குத்துங்கள் என்று. ஆறு வாரம் குத்தினேன். யார் மேல் கோபமோ அவர் முகத்தை நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார், அதையும் செய்தேன். தலையணையின் தையல் விட்டது. என் குரல் முன்னைவிடச் சீக்கிரம் உயர ஆரம்பித்தது. கடைசியில் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் படித்தது சில வார இறுதி வகுப்புகள் மட்டும்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையை அடித்தவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது. எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். 2024-இல் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதுதான் வந்தது: மூச்சு, தியானம், தசை தளர்த்தும் பயிற்சி என்று உடம்பின் படபடப்பைக் குறைப்பவைதான் கோபத்தைக் குறைக்கின்றன. என்னைக் குத்தச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாகப் போனவரை எனக்குக் காட்டியது ஒரு நண்பர். பயிற்சி பெற்ற உளவியலாளர், ஒரு அம்மா. தொலைபேசியிலேயே கேட்டார்: “கடைசியாக எப்போது கோபம் வந்தது? அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது?” இந்த இரண்டாவது கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, உடம்பில் வேறு நோய் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டவர், அப்புறம், “வீட்டில் யாராவது உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களா?” என்றார். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மெதுவாக, “ஆமாம்” என்றாள்.

சரி, யாரிடம் போவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் பேச்சு சிகிச்சையும் செய்வார். ஆலோசகர், தெரபிஸ்ட் என்ற பெயர்களைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. எனவே பலகையை நம்பாதீர்கள். அந்த நாட்டில் எந்த அமைப்பு பதிவு தருகிறதோ அதன் ஏட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கோபம் தனியாக ஒரு நோய் என்று மருத்துவக் கையேடுகளில் இல்லை. அடிக்கடி வெடித்துக் கிளம்பும் கோளாறு போன்ற சிலதான் அப்படி இருக்கின்றன. மற்றபடி மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி, தூக்கமின்மை, மது, சில சமயம் தைராய்டு, இவற்றுக்கெல்லாம் எரிச்சல்தான் வெளியே தெரியும் முகம். நம் மருத்துவர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி ஐயா. முதல் சந்திப்பில் இதையெல்லாம் விசாரிக்காமல் நேராக மூச்சுப் பயிற்சிக்குப் போகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

என்ன கேட்பது? கோபத்தோடு வருகிறவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, எந்த முறையில் செய்வீர்கள், எத்தனை சந்திப்பு ஆகும், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள். இவற்றைக் கேட்டால் நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். ரேமண்ட் நொவாகோ என்ற உளவியலாளர் 1975-லேயே கோபத்துக்கென்று ஒரு சிகிச்சை முறையை வகுத்துவிட்டார். எந்த நிகழ்ச்சி கிளப்புகிறது, அப்போது மனசு என்ன சொல்லிக்கொள்கிறது, உடம்பில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்து, சின்னச் சின்னக் கோபத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்குவது. இந்த வகைச் சிகிச்சைகளைப் பற்றி, 1,640 பேர் பங்கேற்ற 50 ஆய்வுகளை 1998-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரைவிட மேலான நிலையில் இருந்தார். நானும் ஒரு நோட்டில் எழுதினேன்: கோபம் வந்த நேரம், பத்துக்கு எத்தனை, அப்போது நினைத்தது என்ன. முதல் மாதமே ஒன்று தெரிந்தது. ஏழு எட்டு என்று எழுதிய நாட்களில் பாதிக்கு மேல் நான் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை, அதோடு “என்னை மதிக்கவில்லை” என்ற ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப இருந்தது. நான்கைந்து சந்திப்புக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், வேறு ஆளிடம் மாறுவதில் தவறே இல்லை. வீட்டில் அடி விழுகிறது என்றால் மட்டும் இருவரும் சேர்ந்து போகும் தம்பதி ஆலோசனையில் தொடங்காதீர்கள். அடிபடுகிறவருக்குப் பாதுகாப்பு முதலில், அடிக்கிறவருக்குத் தனியே சிகிச்சை.

மணி அடித்துவிட்டார்கள். வீட்டார் பற்றிப் பேச நேரமில்லை, இருக்கிற இரண்டு நிமிடத்தை நான் வந்த காரியத்துக்கே தருகிறேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த மட்டான புத்தியோடு, நடுராத்திரியில், குற்ற உணர்ச்சியோடு தேடுகிறவனிடம் போய், பதிவைச் சரிபார், நான்கு கேள்வி கேள் என்று நான் மேடையில் சொல்வதெல்லாம் அவனுக்கு எப்படி எட்டும்? நிதானமாக இருக்கும் நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். நான் கேட்பது ஒரே ஒரு தாள். பதிவு சரிபார்க்கப்பட்ட ஐந்தாறு தெரபிஸ்டுகளின் பெயர், படிப்பு, கட்டணம், குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்களா என்ற குறிப்பு, அவசர உதவி எண். அவர்களைக் கேட்டு, ஒப்புதல் வாங்கித்தான் போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இது சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், நூலகத்தில், தொழிற்கூடத்தின் ஓய்வறையில், பள்ளி வாசலில் இருக்க வேண்டும். நின்று படிக்க வெட்கப்படுகிறவர்களுக்காக, கிழித்து எடுத்துப் போகும்படி சின்னச் சீட்டுகளாகவும் வையுங்கள்.

தலைவர் அவர்களே, அடுத்த செயற்குழுவில் இதை முதல் தீர்மானமாக வைப்பதாகக் காலையில் எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள், சபையறிய நன்றி சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை அம்மா பதிவுகளைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் நான்கு பேர் வேண்டும், தொலைபேசியில் அழைத்துக் கேட்க, எழுதி ஒட்ட. வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது, போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.