தலை சுத்தேல்ல எண்டா பிரஷர் இல்லையெண்டு ஆர் சொன்னது?

(திருகோணமலை, நிலாவெளிப் பக்கத்து வாசிகசாலை ஒண்டில பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கு)

அம்மாமார், ஐயாமார், பின்னுக்கு நிக்கிற தம்பியாக்கள் எல்லாருக்கும் வணக்கம். ஃபேன் ரெண்டுதான் ஓடுது, கெதியா முடிக்கிறன்.

வாசல்ல ஒரு அம்மா சொன்னா, "டொக்டர், இப்ப எனக்குத் தலை சுத்துறேல்ல, அதால குளிசைய விட்டுட்டன்" எண்டு. அவவை மட்டும் சொல்லேலாது, கிளினிக்குக்கு வாற முக்கால்வாசிப் பேரும் இந்தக் கதைதான். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டி வருஷக்கணக்கா நிண்டாலும் அனேகமானவைக்கு ஒண்டும் தெரியாது, தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, நல்லாத்தான் சாப்பிடுவினம், ஆனா உள்ளுக்க நாடி தடிச்சு இறுகிக்கொண்டே போகும், இதயம் கஷ்டப்பட்டு இடிச்சு இடிச்சு வீங்கும், கண்ணுக்குப் பின்னால இருக்கிற சின்னக் குழாய்கள் கசியும்.

1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் எங்கட ஹார்பருக்குக் குண்டு போட்டவன், உங்கட அப்பப்பாமார் கதைகதையாச் சொல்லியிருப்பினம். அந்த யுத்தத்தில அமெரிக்காவின்ர ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில இதய டொக்டர் ஒருத்தர் பார்க்கேக்க அவருக்குப் பிரஷர் 186க்கு 108, இதயமும் பெருத்துப்போய்க் கிடந்தது. அப்ப இண்டைக்கு இருக்கிற மாதிரி மருந்தில்லை, உப்பைக் குறை, ஓய்வெடு எண்டதுதான் பெரிய வைத்தியம். 1945 ஏப்ரல் 12, தன்னைப் படம் கீறுறதுக்காகக் கதிரையில இருந்த மனுசன் பிடரி சரியா நோகுது எண்டார், அப்பிடியே சரிஞ்சார். அண்டைக்குப் பார்த்த பிரஷர் 300க்கு 190. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போச்சு, வயசு 63தான். பிரஷருக்கு எண்டு ஒழுங்கான குளிசை 1950கள் முடியேக்கதான் வரத் தொடங்கினது. அவ்வளவு பெரிய ஆளுக்குக் கிடைக்காதது உங்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில சும்மா கிடைக்குது, நீங்க அதை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கிறீங்க!

அடுத்தது, "குளிசை போட்டா கிட்னி போயிடும்" எண்ட கதை. இதை ஆர் கிளப்பி விட்டதோ தெரியாது. வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டரால இறைக்கேக்க ஃபோர்ஸ் கூடினா ஹோஸ் எங்க மெல்லிசோ அங்கதான் வெடிக்கும், கிட்னிக்குள்ள இருக்கிறதெல்லாம் அந்த மாதிரி மெல்லிசுக் குழாய்தான். அதைக் கெடுக்கிறது பிரஷர், அதை அடக்குற குளிசை இல்லை. அதில லொசார்டன் மாதிரி சில குளிசை சீனி வருத்தக்காரருக்குக் கிட்னியக் காப்பாத்தவே குடுக்கிறது. கிட்னி போனா கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் அளவில ரத்தம் சுத்தப்படுத்துற மெசினோட படுக்கோணும். உண்மையில கிட்னிக்கு ஆகாதது, தோணி இழுத்து நாரி நோகுதெண்டு பார்மசியில கேட்டு வாங்கிப் போடுற டைக்ளோஃபெனாக். பிரஷரையும் ஏத்தும். அதுக்கு மட்டும் ஒருத்தரும் பயப்பிடுறேல்ல.

அம்லோடிபின் போட்டுக் கால் வீங்கினா, எனலாபிரில் போட்டு வறட்டு இருமல் வந்தா, வந்து சொல்லுங்கோ, மாத்தித் தரலாம். நீங்களா நிப்பாட்டக் கூடாது. கர்ப்பமா இருக்கிற பிள்ளையள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லோணும், சில குளிசை வயித்துப் பிள்ளைக்குக் கூடாது.

கருவாட்டைப் பற்றி சொன்னா எனக்கு அடி விழும், ஆனாலும் சொல்லுறன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குக் குறைவா உப்பு எண்டு சொல்லுது, ஒரு தேக்கரண்டி. நெத்தலிக் கருவாடு, ஊறுகாய், பொரிச்ச மோர்மிளகாய், அதுக்கு மேல சோத்துக்கும் உப்பு போட்டா எங்க நிக்கும்?

பிரஷர் கூடினா பாரிசவாதமும் வரலாம். திடீரெண்டு வாய் கோணினா, ஒரு பக்கக் கை விழுந்தா, பேச்சுக் குழறினா, எண்ணெய் தடவிக்கொண்டு நிக்காம உடன ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலயும் இல்லை, இருக்கிற இடத்திலயும் நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடோணும்.

சரி, மிஸ் பிரஷர் பார்க்கிற மெசினோட அங்கால இருக்கிறா. பார்க்க முந்தி அஞ்சு நிமிஷம் கதைக்காம இருங்கோ. இப்ப தேத்தண்ணி குடிச்சவையும் வெத்திலை போட்டவையும் அரை மணித்தியாலம் கழிச்சு வாங்கோ, மற்றாக்கள் கிளினிக் கொப்பியோட முன்னுக்கு வரலாம்.